மங்களாம்பிகையும் காத்துப் பிடித்த டிராக்டரும்

மங்களாம்பிகை சந்தேகப்படாத ஆள் கீழமருதங்குடியில் கிடையாது. பால்காரர் வந்தால் செம்பைச் சாய்த்துப் பார்ப்பாள். கீரைக்காரி "இப்பதாம்மா பறிச்சேன்" என்றால், இலையில் இருப்பது பனி ஈரமா தெளித்த ஈரமா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள். கூலி நெல் அளக்கும்போது மரக்காலுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். அளக்கிறவன் கை கொஞ்சம் தாராளமாக விழுந்தால், "ஏன்டா, உங்க அப்பன் வீட்டு நெல்லா?" என்று கேட்டுவிடுவாள். யாராவது முகம் சுளித்தால், "நான் யாரையும் திருடன்னு சொல்லலையே. பாக்குறேன், அவ்வளவுதான்" என்பாள்.

கேலி பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். அவள் பார்த்ததால்தான் அந்தப் பண்ணை நின்றது. மாமனார் கண்ணை மூடிய கையோடு பங்காளிகள் வந்து, எருக்குழியில் கிடந்த எரு வரைக்கும் பங்கு கேட்டார்கள். புருஷன் பஞ்சநதம் அப்போது எங்கோ ஒரு மேடையில் பேசிக்கொண்டிருந்தார். கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் நின்று ஒவ்வொருத்தனாகத் திருப்பி அனுப்பியவள் இவள்தான். அன்றைக்குப் பிடித்த சந்தேகம் அப்படியே உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் சந்தேகப்படாத ஒரே ஒரு ஜீவன் பஞ்சநதம். அவர் கட்சிக்காரர். நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் கட்சிக் கூட்டம் என்றால் அவர் பேச்சு இல்லாமல் இருக்காது. பேய் இல்லை, பிசாசு இல்லை, சாமியாடுகிறவனுக்கு வேறு வேலை இல்லை என்று ஒலிபெருக்கி அதிரப் பேசுவார். கூடத்தில் இருந்த சாமி படங்களை இறக்கிவிட்டுத் தலைவர்கள் படத்தை மாட்டினார். மங்களாம்பிகை ஒரு முருகனை மட்டும் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துக்கொண்டாள். அவர் அடுப்படிக்குள் எட்டிப்பார்ப்பதில்லை, இவள் கூடத்தில் விளக்கேற்றுவதில்லை. "எங்க ஊட்டுக்காரருக்கு மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு கெடையாது" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்த வீட்டுக்கு டிராக்டர் வந்தது கட்சி ஆட்சிக்கு வந்து நாலைந்து வருஷம் கழித்து. ஊரே ரெண்டுபட்டிருந்த காலம் அது. அறுப்புக் கூலிக்காகச் செங்கொடிச் சங்கம் ஒரு பக்கம் நின்றது, நிலக்காரர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். டிராக்டர் வருகிறது என்று தெரிந்ததுமே பஞ்சநதம் உழவு மாடுகளை எல்லாம் சந்தைக்கு ஓட்டிவிட்டார். அந்த மாடுகளை மேய்த்து, குளிப்பாட்டி, ஏர் பூட்டி ஆயுசைக் கழித்தவன் வீரையன். மாடு போன மறு மாசம் அவனும் போய்ச் சேர்ந்தான். காய்ச்சல் என்று சொன்னார்கள். அவன் பெண்சாதி ராமாயி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மாலையும் பலூனுமாக டிராக்டர் ஊருக்குள் நுழைந்தபோது, வாய்க்கால் மதகடியில் ராமாயி நின்றுகொண்டிருந்தாள். ரெண்டு கையாலும் மண்ணை வாரி வண்டியின் மேல் வீசினாள்.

"என் மவராசன் மூச்ச நிறுத்திட்டு வர்ற வண்டிதானே நீ! வயிறெரிஞ்சு சொல்றேன், நீயும் மூச்சடைச்சு நிப்பே!"

சங்கத்து ஆட்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். பஞ்சநதம் சிரித்தார். மங்களாம்பிகை சிரிக்கவில்லை. இரும்பில் விழுந்த மண்ணைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள். துடைத்த பிறகும் மறுபடி மறுபடி துடைத்தாள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ராமாயியின் குடிசை, பண்ணைக் களத்தின் மூலையில், ரோட்டைப் பார்த்து இருந்தது. வீரையனின் அப்பன் காலத்துக் குடிசை. அந்த நேரம் பார்த்துத்தான் சர்க்கார் சட்டம் போட்டது: பண்ணை நிலத்தில் குடிசை கட்டிக் குடியிருக்கிறவனுக்கே அந்த மனை சொந்தம். தை அறுப்பு முடிந்ததும் தாசில்தார் ஊர் ஊராக வந்து விசாரிப்பார் என்று தமுக்கடித்துவிட்டார்கள். பஞ்சநதம் அந்தச் சட்டத்தைப் பாராட்டி மேடையில் பேசினார். "குடியிருப்பவனுக்கே மனை!" என்று அவர் குரல் ஏறியபோது கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "அந்தக் களத்து மூலை மட்டும் போயிடக்கூடாது மங்களம். டிராக்டர் ஷெட் போட அதைவிட்டா வேற எடம் ஏது?" என்றார். மேடைப் பேச்சு வேறு, குடும்பம் வேறு என்று அவளும் ரசம் ஊற்றினாள். தாசில்தார் வரும்போது ராமாயி அந்தக் குடிசையில் இருந்தால் மனை அவளுக்கு. இல்லாவிட்டால் பண்ணைக்கு. அவ்வளவுதான் கணக்கு.

தை பிறந்தது. அந்த வருஷம் பனி என்றால் அப்படி ஒரு பனி. கோரையாற்றுக் கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. வயலில் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. கட்டு சுமக்கவும், களத்தில் தாளைப் பரப்பி மேலே ஓட்டிப் போரடிக்கவும் டிராக்டரைத்தான் நம்பியிருந்தார்கள். மாடுதான் இல்லையே!

அப்படியொரு காலையில் வண்டி கிளம்பவில்லை.

டிரைவர் துரைராசு செல்ஃபைத் தட்டினான். கரகரவென்று சுற்றியது, பற்றவில்லை. "குளுருதுங்க, அதான்" என்றான். வெந்நீர் போட்டு ரேடியேட்டரில் ஊற்றினான். வைக்கோலைப் பற்றவைத்து இன்ஜினுக்கு அடியில் காட்டப் போனவனை, "வண்டியக் கொளுத்தப் பாக்குறியாடா பாவி!" என்று மங்களாம்பிகை விரட்டினாள். பேட்டரியின் மேல் சாக்கைப் போர்த்திப் பார்த்தான். கடைசியில் களத்தில் நின்ற ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னான். கொடுமையைப் பாருங்கள், எந்த வண்டி வந்து அவர்கள் ஏரையும் மாட்டையும் ஒழித்ததோ, அதே வண்டியை அவர்களே தோள்கொடுத்துத் தள்ளினார்கள். குடிசை வாசலில் ராமாயி நெல் குத்திக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வரவில்லை. உலக்கையை நிறுத்தவும் இல்லை. மங்களாம்பிகை அதையும் பார்த்தாள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஜெக்கரியா பாயை அழைத்துவந்தார்கள். பாய் பேச்சில் கஞ்சன். துரைராசு சொன்ன குளிர்க் கதையெல்லாம் காதில் வாங்காமல், "செல்ஃப் அடி" என்றார். துரைராசு அடித்தான். பாய் இன்ஜினைப் பார்க்கவில்லை, சைலன்சரின் வாயைப் பார்த்தார்.

"புகை வருதா?"

"இல்லைங்க பாய்."

"குளுருல பத்தலைன்னா வெள்ளப் புகையாவது வரணும். புகையே இல்லைன்னா டீசலே உள்ள போவலைன்னு அர்த்தம்." ஃபில்டர் தலையில் இருந்த சின்ன ஸ்குருவை ஸ்பானரால் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினார். டீசல் நுரைத்துக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று சீறிக்கொண்டு வந்தது. குழாய் வந்து ஃபில்டரில் சேரும் இடத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"காத்துப் புடிச்சிருக்கு. இந்த வழியாத்தான் உள்ள பூந்திருக்கு."

மங்களாம்பிகைக்கு உடம்பு சில்லென்றது. காத்துப் பிடித்திருக்கிறதா! புளியமரத்தடியில் போன பிள்ளைக்குப் பிடிக்கும், தலைக்குக் குளித்துவிட்டு உச்சிப்பொழுதில் வாய்க்கால் பக்கம் போன பெண்ணுக்குப் பிடிக்கும். வண்டிக்குமா பிடிக்கும்? ஏன் பிடிக்காது? மூச்சடைச்சு நிப்பே என்று மண்ணை வாரித் தூற்றினாளே!

அவள் முகத்தைப் பார்த்துப் பஞ்சநதம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அட கூறுகெட்டவளே, ஏர் டீ, ஏர்! சைக்கிள் டயர்ல அடிக்கிற காத்து! கேட்டீங்களா பாய், இவ வீரையன் ஆவி வந்து உக்காந்திருக்குன்னு நெனச்சுட்டா!" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்காமல் துரைராசுவைத் திட்டினார்: "டேங்க் வறண்டுபோற வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் ஊத்தியிருக்கே. காத்து பூராம என்ன செய்யும்?" நுரை நின்று டீசல் சுத்தமாக வந்ததும் ஸ்குருவை முடுக்கினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

மங்களாம்பிகை சமாதானமாகவில்லை. பாய் என்ன சொன்னால் என்ன, கண்ணால் பார்த்தாளே, சீறிக்கொண்டு வெளியே வந்ததை! நாகப்பட்டினத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று ரயிலேறி, நாகூர் தர்காவில் ஓதி ஒரு தாயத்து வாங்கிவந்தாள். துரைராசு சாப்பிடப் போன நேரம் பார்த்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கில் பச்சை நூலால் கட்டினாள். யாரும் பார்க்கவில்லை. புருஷனுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். தெரியப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான். மறுபடி ஒரு பனிக்காலை, மறுபடி வண்டி கிளம்பவில்லை. வெயில் ஏறிய பிறகு துரைராசு பாய் செய்ததைப்போலவே செய்து நுரையை எடுத்தான், ஓடியது. மறுநாள் காலை திரும்பவும் நின்றது. அதற்கு மறுநாளும் அதே கதை. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும், ராத்திரிப் பனியில் கிடந்தால் காலையில் பிணமாகக் கிடக்கும். அறுத்த கட்டு வயலில் நனைந்தது. ஆட்கள் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். "வயிறெரிஞ்சு சொன்ன வாக்காச்சே" என்று யாரோ முணுமுணுத்தது மங்களாம்பிகை காதில் விழுந்தது.

தாயத்துக்கே அடங்கவில்லை என்றால் ஏவிவிட்டவள் எவ்வளவு கைகாரியாக இருக்க வேண்டும்! அவள் ராமாயியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தாள். ராமாயி தண்ணீருக்குப் போனால் பார்த்தாள். விறகு பொறுக்கினால் பார்த்தாள். ஒருநாள் ராமாயியே நின்று, "என்னாம்மா, என் மூஞ்சில என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். முன்பெல்லாம் தலை குனிந்து ஒதுங்கிப் போகிறவள்தான். சங்கத்தில் சேர்ந்த பிறகு நிமிர்ந்து கேட்கிறாள். இவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பஞ்சநதம் ஆவி என்று சொல்லவில்லை. அவர் வேறு பாதையில் போனார். "இது ஆளுங்க வேலை. ராத்திரி வந்து ஏதோ கழட்டிவிடறாங்க. களத்துல வண்டி நிக்குது, களத்துலயே குடிசை இருக்கு. வேற யாரு?" என்றார். பாயை வரச்சொல்லி ஆளனுப்பினார். "வண்டியில யாராச்சும் கைவச்சிருக்காங்கன்னு பாய் வாயால வந்துட்டா போதும். போலீசுல எழுதிக்குடுத்து, அவ குடிசையைக் காலி பண்ணிடலாம்." தாசில்தார் அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

மங்களாம்பிகைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வாக்கினால் கெடுத்தாளோ கையினால் கெடுத்தாளோ, கெடுத்தவள் போகட்டுமே!

பாய் வந்தபோது பனி விலகவில்லை. களத்தில் பாதி ஊர் நின்றது. சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், பண்ணை ஆட்கள் ஒரு பக்கம். ராமாயியை வரச்சொல்லி நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அவள் பழைய துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்கினாள். குளிருக்குத்தான் நடுங்கினாளோ என்னவோ.

பாய் முதலில் சைலன்சரைப் பார்த்தார். புகை இல்லை. ஸ்குருவைத் தளர்த்தினார். நுரை. டேங்கைத் திறந்து பார்த்தார், நிரம்பித்தான் இருந்தது. "டேங்க் ரொம்பியிருக்கு, காத்தும் வருது. அப்ப எங்கியோ வாய் தெறந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டேங்கில் தொடங்கிக் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தார். மங்களாம்பிகை அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டுப் பக்கம் வந்தபோது அந்த விரல் ஒரு கணம் நின்றது. பச்சை நூலை அவர் பார்த்துவிட்டார்! பாய் அவளை ஏறிட்டார். நாகூர் நூல் எது என்று அவருக்குச் சொல்லியா தரவேண்டும்? விரலை நகர்த்திக்கொண்டு போனார். ஃபில்டரில் குழாய் சேரும் இடத்துக்கு வந்ததும் குனிந்து, "அட" என்றார்.

குழாய்க்கும் இரும்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. ஸ்குருடிரைவரால் நெம்பி வெளியே எடுத்தார். சுண்டுவிரல் தடிமனுக்குச் சுருட்டிய செப்புத் தகடு. மேலே மெழுகு, அதன்மேல் துணிக் கிழிசல் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. எல்லாம் டீசலும் அழுக்குமாகக் கறுத்திருந்தது.

"இதான் சங்கதி. இதைத் திணிச்சதுல குழாய் ஒரு பக்கமா நெம்பிக்கிட்டு நிக்குது. நட்டு சரியா உக்காரலை. பகல்ல சூட்டுல தெரியாது. ராத்திரிக் குளுருல இரும்பு சுருங்குதா, மயிரிழை வழி விடுது. டீசல் பின்னாடி எறங்கிடும், காத்து உள்ள பூந்துடும்."

பாய் சொன்ன இரும்புக் கதையை யார் கேட்டார்கள்? தகடு! மந்திரத் தகடு! களம் முழுக்க ஒரே இரைச்சல். "செய்வினை, செய்வினை" என்று கிழவர்கள் பின்வாங்கினார்கள். சங்கத்து ஆட்களே ராமாயியை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

மங்களாம்பிகைக்கு முதலில் வந்தது பயமில்லை, வெற்றி. நான் சொன்னேனா இல்லையா! நான் கட்டியது சீட்டுக்கடியில் இருக்கிறது, இது எவளோ கட்டியது. எவளோ என்ன எவளோ, இதோ நிற்கிறாளே! இத்தனை நாள் சந்தேகம் வீண்போகவில்லை என்று நிமிர்ந்து நின்றாள்.

பஞ்சநதம் முன்னால் வந்தார். "மந்திரமாவது தந்திரமாவது! எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. ஆனா ராத்திரி வந்து என் வண்டியில ஒரு ஆள் கைவச்சிருக்கா, அதுக்கு இது சாட்சி. பாத்துக்குங்க எல்லாரும். பாய், நீங்க ஸ்டேஷன்ல வந்து சொல்லணும். துரைராசு, அந்தக் குடிசைச் சாமானை எடுத்து வெளிய வை."

"ஐயா, செத்துப்போன என் மவராசன் மேல சத்தியம், நான் அந்த வண்டியத் தொட்டதே இல்லைங்கய்யா!" ராமாயி கத்தினாள். "மண்ண வாரி வீசுனேன், இல்லேங்கல. எல்லாரும் பாக்கத்தானே வீசுனேன்? ஒளிஞ்சு வந்து செய்யற சாதியா நான்?"

அந்த வார்த்தை மங்களாம்பிகையை ஒரு தட்டு தட்டியது. உண்மைதானே. ராமாயி திட்டினால் தெருவே கேட்கத் திட்டுவாள். ஒளிந்து வந்து கட்டியது யார்? நான் கட்டினேன். என்னைப்போல இன்னொருத்தர் கட்டியிருக்கிறார். அதுவும் எங்கே? காத்து இந்த வழியாகப் புகுந்தது என்று பாய் தட்டிக் காட்டினாரே, சரியாக அந்த இடத்தில். அன்றைக்குப் பாய் பேசும்போது ராமாயி குடிசை வாசலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த இடம் எப்படித் தெரியும்? பாய் விரல் பட்ட இடத்தைக் குனிந்து பார்த்தது துரைராசு, நான், அப்புறம்...

சந்தேகப்படுகிற புத்திக்கு வழக்கமாக இது நல்ல வேட்டைதான். அன்றைக்கு அந்தப் புத்தி அவளையே கடித்தது. "குடுங்க பாய், பாப்போம்" என்று தகட்டை வாங்கினாள். துணிக் கிழிசலை முந்தானையால் துடைத்தாள். கட்டைவிரலால் அழுத்தித் துடைக்கத் துடைக்கக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு கரை தெரிந்தது. வேட்டிக் கரை. கட்சிக் கரை.

போன வாரம் சலவைக்குப் போட எடுத்த வேட்டியில் முனை ஒன்று கிழிந்திருந்தது. என்னங்க இது என்று கேட்டதற்கு, சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டது என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் செயினைப் போய்ப் பார்த்திருப்பாள். அவர் சொன்னதால் ஊசியும் நூலும் எடுத்து மடித்துத் தைத்துப் போட்டாள்.

அவள் தலையைத் தூக்கினாள். பஞ்சநதம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனியிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. அவருக்குத் தெரியும், தன் கையால் திணித்தது என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த அறுதலிப் பொம்பளையை நடுக்களத்தில் நிறுத்திவைத்துப் பழி போட்டிருக்கிறார். துரைராசு குடிசைக்குள்ளிருந்து மண்பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"டேய் துரைராசு, வைடா அதை!" என்று மங்களாம்பிகை போட்ட சத்தத்தில் காக்காய் பறந்தது. "அந்தத் தகட்டைக் கட்டுனது நான்தான்."

துரைராசு பானையை அங்கேயே இறக்கிவைத்தான்.

"பாய் காத்துப் புடிச்சிருக்குன்னாரு. நான் பொம்பளை, பயந்துட்டேன். யாருக்கும் தெரியாம நான்தான் கட்டுனேன். ராமாயிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. சாமானை உள்ள கொண்டுபோய் வை."

முதலில் ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பகுத்தறிவு பேசுகிற பஞ்சநதம் வீட்டில் மந்திரத் தகடு! காத்துக்குப் பயந்து கட்டியது, அதுவே காத்தை உள்ளே விட்டது! சிரிக்கமாட்டார்களா? பாய் மட்டும் சிரிக்கவில்லை. பச்சை நூலைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தானே. ஒரு பெண்பிள்ளை ஒரே வண்டிக்கு ரெண்டு கட்டு எதற்குக் கட்டுகிறாள் என்று யோசித்திருப்பார். குனிந்து நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

பஞ்சநதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? பேசினார்! "பாத்தீங்களா தோழர்களே, மூடநம்பிக்கை ஒரு குடும்பத்தை எப்படிக் கெடுக்குதுன்னு! என் வீட்லயே இருக்கு பாருங்க, நான் மறைக்கலை. பெண்கள் படிக்கணும், சிந்திக்கணும்..." என்று கையை வீசி வீசிப் பேசினார். மங்களாம்பிகை தலைகுனிந்து நின்று கேட்டுக்கொண்டாள். அவமானமாகத்தான் இருந்தது. அதைவிட அவர் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லையே என்பதுதான் அவளைச் சுட்டது. வண்டி கிளம்பிய சத்தத்தில் பேச்சு முடிந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அவள் அடுப்படிக்குள் போனாள். முருகன் குடியேறிய நாளாக எட்டிப்பார்க்காத அடுப்படிக்குள் அவரும் பின்னாலேயே வந்தார்.

"நல்ல காரியம் பண்ணுனே மங்களம். மானத்தைக் காப்பாத்துனே."

"எங்கே வாங்குனீங்க?"

அவர் கண் அடுப்படி முருகன்மேல் போனது. பிறகு, "தாராசுரத்துல ஒருத்தர்கிட்ட. கும்பகோணம் கூட்டத்துக்குப் போயிட்டு வர்ற வழியில" என்றார். "நீ சிரிக்காதே. விடியக்காலம் களத்துக்குப் போனேன். பனியில வீரையன் நிக்கிற மாதிரி இருந்துச்சு. கையில தாத்துக்குச்சியோட, மாட்ட ஓட்டவான்னு கேக்குற மாதிரி. மேடையில நின்னு இல்லைன்னு சொல்லிடலாம் மங்களம். களத்துல தனியா நின்னா..."

"நான் எதுக்குச் சிரிக்கப்போறேன்? நானும் பயந்தவதான். பயந்தது தப்பில்லீங்க. அவ மேல போட்டீங்களே, அதைத்தான் கேக்குறேன்."

"வேற என்ன பண்ணச் சொல்றே? அத்தனை பேரு முன்னாடி..."

"தாசில்தார் வர்ற அன்னிக்கு, அந்த மனை ராமாயியோடதுன்னு உங்க வாயால சொல்லணும்."

"என்னாது! ஷெட்டு போடற எடம்டி அது! நானே போயி சொல்றதா?"

"மேடையில சொன்னதைத்தானே சொல்லச் சொல்றேன். சொல்லலைன்னா, இந்தக் கிழிசலை நான் எல்லாருக்கும் காட்டுவேன். எந்த வேட்டியில கிழிஞ்சதுன்னும் சொல்லுவேன்."

அவர் அவளையே பார்த்தார். பங்காளிகளை வாசலோடு திருப்பி அனுப்பிய கண் இப்போது தன்மேல் இருப்பது அவருக்குப் புரிந்தது. வெளியே போனார்.

தாசில்தார் வந்தார். களத்து மூலையில் நாற்காலி போட்டார்கள். ராமாயியை அழைத்து எத்தனை காலமாகக் குடியிருக்கிறாய் என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கும் முன்பே பஞ்சநதம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்து, "வீரையனோட அப்பன் காலத்துலேருந்து இவங்க குடியிருப்புதாங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். ஊர் மெச்சியது. சங்கத்துக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். ராமாயி நம்பாமல் தாசில்தாரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடிசை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நாற்காலிக்கு நேர் எதிரே, கைகட்டிக்கொண்டு, முழு நேரமும் அங்கே நின்றிருந்தாள் மங்களாம்பிகை.

சாயங்காலம் பஞ்சநதம் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் அவரைப் புகழ்ந்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் மங்களாம்பிகை கூடத்துத் தூணில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு அழுவுறே? நீ கேட்ட மாதிரியே சொல்லிட்டேனே. ஒரு வார்த்தை குறைச்சேனா?"

"சொன்னீங்க" என்றாள். "நான் எதிர்ல வந்து நிக்காம இருந்திருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.